கேரியரில் கட்டிய அருவாள்

காலையில் சைக்கிளை வெளியே தள்ளும்போது பத்மினி முதலில் கேரியரில் கோணியை மடித்து வைப்பாள். அதன்மேல் அருவாளை வைத்துக் கயிறு சுற்றுவாள். அருவாளின் பிடி சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் பார்ப்பது அதைத்தான். புல்லுக்குப் போகிறவளை யாரும் எங்கே என்று கேட்பதில்லை.

அவள் வீட்டில் மாடு கிடையாது. இருந்த ஒரு எருமையைத் தேவேந்திரனின் வைத்தியத்துக்காக விற்றாகிவிட்டது. தேவேந்திரன், அவள் கணவன், போன ஆனியில் இறந்துபோனான். இப்போது தை. வருஷம் திரும்பவில்லை.

அவள் ஊரான சின்னமிட்டாவில் சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருஷம் சில கட்டுகள் உண்டு. பண்டிகை கிடையாது. அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. திருமலை ஏறக் கூடாது. கூலி வேலைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கையெழுத்து வாங்கச் சச்சிவாலயம் என்கிற ஊர் அலுவலகத்துக்குப் போகலாம். காரியம் இருந்தால் எங்கேயும் போகலாம். காரியம் இல்லாமல் போவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அப்படிப் போகிறவர்கள் ஊரில் இருந்ததில்லை.

பத்மினி காரியம் இல்லாமல் போனாள்.

ஊருக்குக் கிழக்கே காளங்கி ஆறு உப்பேரியில் விழுவதற்கு முன்னால் அகன்று, எது தண்ணீர் எது தரை என்று தெரியாமல் பரந்து கிடக்கும். கோரை, சம்பு, சேறு, ஆங்காங்கே நீர்க்கடம்பு. நடுவே நீளமாக ஒரு மண்கரை. மேடு பள்ளம் எதுவும் இல்லை. கரைமேல் நின்றால் தூரத்தில் நிற்கும் ஒற்றைப் பனைகூடத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் அந்த இடத்தைப் பறவைகளுக்கென்று ஒதுக்கினார்கள். கரையில் கிராவல் கொட்டி, முனையில் ஒரு கேட் வைத்து, டிக்கெட் அறையும் வாடகைச் சைக்கிள்களும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து காருக்குப் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நடக்கிறவனைக்கூட முந்தாத வேகத்தில் ஓட்டுவார்கள். நிற்பார்கள். கழுத்தில் தொங்கும் பைனாகுலரில் பார்ப்பார்கள். மறுபடி ஓட்டுவார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு டிக்கெட் இல்லை. ஒரு கட்டு மட்டும் உண்டு. கரையின் பாதி தூரத்தில் சுண்ணாம்பு அடித்த கல் வரிசை ஒன்று போகும். கல்லுக்கு வெளியே பெண்கள் மாட்டுக்குப் புல் அறுக்கலாம். கல்லுக்கு உள்ளே கூழைக்கடாக்களும் நாரைகளும் கூடு வைத்திருக்கும் மாதங்களில் நடக்கலாம், ஓட்டலாம், அருவாள் மட்டும் போகக் கூடாது. யாராவது ஒருத்தி அருவாளோடு உள்ளே மாட்டினால், பறவைகள் குஞ்சோடு கிளம்பும்வரை ஊருக்கே புல் கிடையாது.

கோணியும் அருவாளும் இல்லாமல் போயிருந்தால் பத்மினி மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அவற்றைக் கட்டாமல் அவளால் தெருவைத் தாண்ட முடியாது.

*

அவள் பிறந்தது கார்வேட்டிநகரம் பக்கம். அப்பாவுக்கு நிலம் இல்லை. நாற்று, களை, செங்கல் சூளை என்று வேலை எங்கே இருந்ததோ அங்கே போனவள். சூளைக்குச் சோறு கொண்டுபோக அண்ணனின் சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டுக் கற்றுக்கொண்டாள். கல்யாணமான பிறகு ஓட்டவில்லை. தேவேந்திரன் டிராக்டர் ஓட்டினான். அவன் அப்பா காலத்தில் பட்டா கிடைத்த துண்டு நிலத்தில் ஒரு போகம் கேழ்வரகு எடுத்தார்கள். ஒரே மகள் கலைவாணி. இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். பத்மினி ஓட்டும் நீலச் சைக்கிள், அவள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது.

தேவேந்திரனுக்குக் கிட்னி போனதும் பத்மினியின் வாழ்க்கை திருப்பதி பஸ்ஸாக மாறியது. வாரத்தில் இரண்டு நாள் விடியுமுன் பஸ் ஏறி, ஆஸ்பத்திரியில் அவன் ரத்தம் சுத்தமாகும்வரை காரிடாரில் உட்கார்ந்து, இருட்டியபின் திரும்புவாள். மற்ற நாட்களில் அவன் படுத்திருப்பான். அவனுக்கு அளந்து தண்ணீர் கொடுக்க வேண்டும். அவன் கூடுதலாகக் கேட்பான். அவள் கொடுக்க மாட்டாள்.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்புவான்.

"கூழைக்கடா வந்துட்டுது பாரு."

"ம்."

"கலைவாணி சைக்கிள்ல பின்னால குந்த வெச்சி ஒருநாள் கரை மேல இட்டுக்கினு போயேன். காத்து நல்லா இருக்கும்."

"ஆவட்டும்."

அதை அவன் பலமுறை கேட்டான். அவள் அதே பதிலைச் சொன்னாள். பொய்யாகச் சொல்லவில்லை. துவைக்கத் துணி இருந்தது, ஆக்கச் சோறு இருந்தது, போகக் கூலி இருந்தது.

அவன் போனபின் ஆவணியில் விதவைப் பென்ஷனுக்காகச் சச்சிவாலயத்துக்குச் சைக்கிளில் போனாள். திரும்பும்போது தார்ச்சாலையை மழை வெட்டிவிட்டதால் கரை வழியாக வந்தாள். கிராவல் காய்ந்திருந்தது. எதிரே யாரும் இல்லை. மிதிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, காற்று பின்னாலிருந்து தள்ளியது. பாதி தூரத்தில் அவள் கால்களை நிறுத்திவிட்டாள். சைக்கிள் தானாக ஓடியது. வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை, யாருக்கும் மாத்திரை நேரமில்லை என்பது அப்போது அவள் உடம்புக்குத் தெரிந்தது. ஊருக்குப் பிரியும் இடத்தில் திரும்பாமல் மேலே ஓட்டினாள்.

மறுநாளும் போனாள். அன்றுதான் கோணியைக் கட்டினாள்.

கரைமேல் அவள் எதையும் செய்யவில்லை. ஓட்டுவாள். தோன்றிய இடத்தில் ஒரு காலை ஊன்றி நிற்பாள். நாமக்கோழிகள் கோரைக்குள் ஓடும். அரிவாள்மூக்கன்கள் சேற்றில் குத்திக்கொண்டே நகரும். அவள் மறுபடி ஓட்டுவாள். அவ்வளவுதான். திரும்பி வந்து கதவைத் திறந்து, சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு உறைக்கும். போன நேரம் முழுவதும் அவன் நினைப்பே வரவில்லை. ஒருமுறைகூட. அவன் பார்க்க ஆசைப்பட்ட இடத்துக்குப் போய், அவன் இல்லாததால் கிடைத்த நேரத்தில், அவனை நினைக்காமல் வந்திருக்கிறாள்.

நினைப்பை வரவழைத்துப் பார்த்தாள். ஒருநாள் கேட்டருகே நின்று, இன்று நினைத்துக்கொண்டே போக வேண்டும் என்று முடிவு செய்தாள். அவன் பின்னால் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் ஒரு நாரைக் கூட்டம் எழுந்தது. பிறகு கேட்டுக்குத் திரும்பி வந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டுச் செல்விக்கு இரண்டு எருமைகள். அவள் ஒருமுறை குழாயடியில் கேட்டாள்.

"ஏண்டி பத்மி, எருமையே இல்ல. யாருக்குப் புல்லு? நீயே துன்றியா?"

"கொட்டாய்க் கூரைக்குக் கோரை வேணும்க்கா."

செல்வி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

*

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வனத்துறை வாட்சர் கோகுலகிருஷ்ணன் அவளை நிறுத்தினார். கல் வரிசைக்கு உள்ளே, கூடு மரங்களுக்கு எதிரே. மோட்டார் சைக்கிளைக் கரைமேல் குறுக்காக நிறுத்தியிருந்தார். சத்யவேடு பக்கத்து ஆள். தேவேந்திரன் சாவுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நின்றவர்.

"இன்னாம்மா, கல்லுக்குள்ள அருவாளோட?"

பத்மினி இறங்கினாள். கல்லை மறந்தே போயிருந்தாள்.

"புல்லு அறுக்க வந்தியா?"

இல்லை என்றுதான் வாயெடுத்தாள்.

"பின்ன இன்னாத்துக்கு வந்தே?"

பதில் இருந்தது. காற்று வாங்க வந்தேன். சைக்கிள் ஓட்ட வந்தேன். சாவு வீட்டில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனுஷனிடம் அதைச் சொல்ல வேண்டும். புருஷன் செத்து வருஷம் திரும்பாதவள், சந்தோஷமாக இருந்தது, அதனால் வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

"அறுக்கத்தான் வந்தேன்" என்றாள்.

"கோணி காலியா கீதே."

"இப்பத்தான் வந்தேன்."

கோகுலகிருஷ்ணனுக்கே அது பிடிக்கவில்லை. "தெரிஞ்சிக்கினே செய்றியேம்மா. நான் பாக்காத மாதிரி போயிருப்பேன். அங்க பாரு, டூரிஸ்டு ஒருத்தன் போட்டோ புடிச்சிட்டு எங்கிட்ட வந்து காட்டறான். நான் ரிப்போர்ட் குடுக்காம இருந்தா என் வேலை போவும்."

சற்றுத் தள்ளி மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடமையைச் செய்துவிட்டவர் முகம்.

வாட்சர் அருவாளை வாங்கிக்கொண்டார். பத்மினி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினாள். வழியில் ஓர் ஆறுதல்கூட வந்தது. திருடி என்று சொல்லட்டும். திருடுவது ஊருக்குப் புரியும்.

மறுநாள் காலை புல்லுக்குப் போன பெண்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

தனக்கு வந்த தண்டனையை மட்டும்தான் அவள் யோசித்திருந்தாள். ஊர்க்கட்டு அவள் புத்திக்கு வரவே இல்லை. நெல் அறுவடை முடியாததால் புது வைக்கோல் இல்லை. பழையதும் தீர்ந்திருந்தது. பெண்கள் வாய்க்கால் ஓரம் போய் அருகம்புல்லைச் சுரண்டினார்கள். பனையோலை வெட்டிப் போட்டார்கள். சாயங்காலமானால் செல்வியின் எருமைகள் கத்தின. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். பத்மினி அடுப்பருகே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழாயடியில் சுந்தரி அவள் காதுபடவே சொன்னாள். "ஒருத்தி அருவா, ஊரு வாயில மண்ணு. எருமை இல்லாதவளுக்கு இன்னா புல்லு? வித்துத் துன்னிருப்பா."

"வுடுடி" என்றாள் செல்வி. "புருசன் இல்லாதவ. ஏதோ தெரியாம பண்ணிட்டா."

சுந்தரியின் பேச்சு பத்மினிக்கு வலிக்கவில்லை. செல்வியின் கறவை பாதியாகக் குறைந்திருந்தது. ஆனாலும் செல்வி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அன்று இரவு பத்மினி சாப்பிடவில்லை.

கலைவாணியும் ஷிப்ட் முடிந்து வந்தபோது கேட்டாள். "கம்பெனி பஸ்ஸுல சொல்றாங்க. எதுக்கும்மா புல்லு? நம்மகிட்ட இன்னா கீது?"

"கொட்டாய்க்குத்தான்."

"பொய் சொல்லாத."



*

வெள்ளிக்கிழமை ரேஞ்சர் வருகிறார் என்று தெரிந்து பெண்கள் எல்லாரும் கேட்டுக்குப் போனார்கள். பத்மினியும் போனாள். சொல்லிவிட வேண்டும். என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். அருவாள் இருந்தாலும் அறுக்கவே வரவில்லை என்றால் குற்றமே இல்லை. குற்றம் இல்லையென்றால் கட்டு இல்லை. நடந்து போகும்போது இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

ரேஞ்சர் வாடகைச் சைக்கிள்களுக்கான தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். தெலுங்குக்காரர், தமிழ் தெரிந்தவர்.

"நுவ்வேனாம்மா?" நீதானா என்று கேட்டார்.

"நான்தான் சார். நான் அன்னிக்குப் புல்லு அறுக்க வரல."

"அறுக்க வந்தேன்னு நீயே சொன்னியே."

"பொய் சொல்லிட்டேன் சார்."

"அப்போ எதுக்கு வந்தே?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சைக்கிள் ஓட்டறதுக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ரேஞ்சர் கோகுலகிருஷ்ணனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"அருவாளைக் கட்டிக்கிட்டுச் சைக்கிள் ஓட்டுவியா? ஊர்ல திட்டறாங்கன்னு இப்போ மாத்திச் சொல்றே."

"நெசம் சார். தெனமும் ஓட்டறேன். அருவாளை எடுத்து ஒரு புல்லு அறுக்கல."

"எதுக்கு ஓட்டணும்?"

"ஞாயித்துக்கிழமைல டவுன்காரங்க வராங்களே சார். அவங்க எதுக்கு ஓட்டறாங்க?"

"அவங்க டூரிஸ்டும்மா" என்றார் ரேஞ்சர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரியின் வாய் கோணியது. இன்னும் ஒரு வாக்கியம் மிச்சம் இருந்தது. ஓட்டினால் மனசு லேசாக இருக்கிறது சார். அதைச் சொல்லிவிட்டால் நம்பிவிடுவார்கள். பத்மினி மூச்சை இழுத்தாள்.

செல்வி முன்னால் வந்தாள்.

"அவ புருசன் செத்து வருசம் திரும்பல சார். கிட்னி. திருப்பதிக்கும் ஊருக்கும் பஸ்ஸுலயே அவன் உயிரு போச்சு. போற வர்ற வழியில இந்தக் கரையைக் காட்டிக் காட்டிப் பேசுவான். நானே ஒருவாட்டி பஸ்ஸுல கேட்டுகினு வந்தேன். இட்டுக்கினு போ, இட்டுக்கினு போன்னு. இவளால முடியல. அவன் நெனப்புலதான் சார் இங்க வந்து சுத்தறா. ஊரு பாத்தா இன்னா சொல்லுமோன்னு அருவாளைக் கட்டிக்கினு வர்றா. அது கூடப் புரியாதா சார்?"

சுந்தரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரேஞ்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கம்மாவும் அப்படித்தான்" என்றார். "நாயனா போனதும் சும்மா சும்மா ஸ்டேஷன்ல போய் உக்காந்துக்குவாங்க. அவர் ரயில்வேல இருந்தார்."

பிறகு கோகுலகிருஷ்ணனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து புல் அறுக்கலாம் என்று வாட்சர் தமிழில் சொன்னார்.

"அதுக்கில்ல சார்" என்று பத்மினி தொடங்கினாள்.

செல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பலமாகப் பிடித்தாள். "இரு" என்றாள் மெல்ல. அந்தப் பிடியில் இரண்டு எருமைகளும் இருந்தன. ரேஞ்சர் எழுந்து ஜீப்புக்குப் போனார். பத்மினி வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பெண்கள் அவளை நடுவில் விட்டுக்கொண்டு நடந்தார்கள். சுந்தரி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள் செல்வி. "கூரைக்குக் கோரைன்னே. ஒரு கத்தைகூடக் கூரை மேல ஏறல. அழறதுக்குக்கூட அருவா வேணுமாடி ஒருத்திக்கு?"

பத்மினி தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அவர்கள் அழுகை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

*

கலைவாணி அன்று வந்தபோது முகம் வேறாக இருந்தது. அவளே சோறு போட்டாள். அம்மாவின் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. எனக்கு மட்டும் நைனா நெனப்பு இல்லையா? பஸ்ஸுல எல்லாரும் சொல்றாங்க, எனக்குத்தான் ஒன்னும் தெரியல."

பத்மினி சோற்றைப் பிசைந்தாள்.

"ஞாயித்துக்கிழமை லீவுதான். நானும் வர்றேன். கேட்டுல வாடகை சைக்கிள் எடுத்துக்கலாம். ரெண்டு பேரும் போலாம். நைனா சொன்ன எடத்துல போய் கொஞ்ச நேரம் குந்தலாம்."

"கலைவாணி."

"ம்."

"அங்க போனா உங்க நைனா நெனப்பு வர்றதில்ல."

கலைவாணியின் கை நின்றது.

"இங்க இருந்தா வருது. அங்க வர்றதில்ல. நானும் பாத்துட்டேன்."

"பின்ன இன்னா நெனப்பே?"

"ஒன்னும் நெனக்கல. நல்லா இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி எருமைக்குத் தண்ணீர் காட்டும் சத்தம் கேட்டது. கலைவாணி தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள். அழுவாள் என்று பத்மினி எதிர்பார்த்தாள். கத்துவாள் என்றும் எதிர்பார்த்தாள்.

"செல்வி அத்தைகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத" என்றாள் கலைவாணி. எழுந்து கை கழுவப் போனாள். வாசலில் நின்று, திரும்பாமல், மறுபடி சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்திருக்கவில்லை. விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். பத்மினி கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். அன்று முழுத் தூரமும் ஓட்டாமல் பாதியில் திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை போனபோது கல்லுக்கு வெளியே பெண்கள் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். பனி இன்னும் விலகவில்லை. கோரைக்கு நடுவே அவர்களுடைய முதுகுகள் மட்டும் தெரிந்தன. சிரிப்பும் வசவுமாகப் பேச்சு கேட்டது. சைக்கிளைப் பார்த்ததும் சுந்தரி நிமிர்ந்து மற்றவர்களுக்குச் சாடை காட்டினாள். பேச்சு நின்றது. ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து, கரையை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"போய்ட்டு வாம்மா" என்றாள் செல்வி, தாழ்ந்த குரலில்.

பின்னாலிருந்து காற்று தள்ளியது. பத்மினி பிரேக்கை லேசாகப் பிடித்தாள். தலையைக் குனிந்துகொண்டு, அவர்களைத் தாண்டும்வரை மெதுவாக மிதித்தாள்.